கூலிகளின் கைவிலங்கை உடைத்த வெள்ளைக்காரர்

தீனபந்து ஆண்ட்ரூசின் வாழ்க்கை வரலாறு

ஊத்துக்கோட்டை வட்டாரத்தில் செங்கல் சூளைகள் பல இருக்கின்றன. பொங்கல் முடிந்துவிட்டால் சூளைகளில் வேலை மும்முரமாக நடக்கும். மண் குழைத்து, கல் அறுத்து, வெயிலில் காய வைத்து, சூளையில் அடுக்குகிறவர்களில் ஏராளமானோர் ஒடிசாக்காரர்கள். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்று குடும்பத்தோடு ரெயில் ஏறி வருகிறார்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பு ஊருக்குத் திரும்பி விடுகிறார்கள். பக்கத்தில் உள்ள கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் பீகார், ஒடிசா, அசாம் ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

ஊர் புதிது. மொழி தெரியாது. வேலைக்கு வரும் முன்பே கைநீட்டி வாங்கிய முன்பணம் தலைமேல் இருக்கிறது.

ஒரு காலத்தில் தமிழர்களும் இந்த நிலையில்தான் இருந்தார்கள். செங்கல்பட்டு, வட ஆர்க்காடு, சித்தூர் ஜில்லாக்களில் இருந்தும், இன்னும் தெற்கே உள்ள ஜில்லாக்களில் இருந்தும் ஆயிரம் ஆயிரமாக மக்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். நேட்டாலுக்குப் போனார்கள். மொரீஷியசுக்குப் போனார்கள். பிஜித் தீவுக்குப் போனார்கள். ஐந்து வருடம் வேலை செய்தால் போதும், கை நிறையப் பணம் கிடைக்கும் என்று சொல்லித்தான் அவர்களைக் கூட்டிப் போனார்கள்.

போன இடத்தில் அவர்கள் பட்ட பாட்டை நேரில் போய்ப் பார்த்து, உலகத்துக்குச் சொல்லி, அந்த முறையையே ஒழிக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் வெள்ளைக்காரர். அவர் பெயர் சார்லஸ் பிரீயர் ஆண்ட்ரூஸ். மக்கள் அவருக்குக் கொடுத்த பட்டம் தீனபந்து. ஏழைகளின் உறவினர் என்று அதற்குப் பொருள்.

பதினான்கு பிள்ளைகள்

ஆண்ட்ரூஸ், இங்கிலாந்தில் உள்ள நியூகாசில் நகரில் 1871-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி பிறந்தார். அவருடைய பெற்றோருக்கு மொத்தம் 14 பிள்ளைகள். தந்தை ஒரு கிறிஸ்தவ சபையின் குரு. ஆண்ட்ரூஸ் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் பர்மிங்காம் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அவருடைய தாயாருக்குக் கொஞ்சம் சொத்து இருந்தது. அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பைத் தந்தை தம் நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். அந்த நண்பர் நம்பிக்கைத் துரோகம் செய்துவிட்டார். சூதாட்டம் போன்ற வியாபாரத்தில் பணம் முழுவதையும் தொலைத்துவிட்டார். குடும்பம் வறுமையில் விழுந்தது.

அந்தச் செய்தி வந்த அன்று வீட்டில் எல்லோரும் கூடி ஜெபம் செய்தார்கள். மோசம் செய்த நண்பருக்குத் தண்டனை கிடைக்க வேண்டும் என்று தந்தை கேட்கவில்லை. அவர் மனம் திருந்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். இதைப் பார்த்த ஆண்ட்ரூஸ் சாகும் வரை அதை மறக்கவில்லை.

படிப்பில் ஆண்ட்ரூஸ் கெட்டிக்காரர். பரிசுகளும் உதவிப்பணமும் பெற்றுப் படித்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றார். 1897-ல் பாதிரியார் ஆனார். லண்டன் நகரின் ஏழைகள் வாழும் பகுதியில் சில காலம் ஊழியம் செய்தார். கூலிக்காரர்களின் வீடு எப்படி இருக்கும், அவர்கள் அடுப்பு எத்தனை நாள் எரியும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார்.

டெல்லிக் கல்லூரி

1904-ல் ஆண்ட்ரூஸ் இந்தியாவுக்கு வந்தார். டெல்லியில் உள்ள செயிண்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியர் ஆனார்.

அது வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். ஆங்கிலேயர்கள் இந்தியரோடு சமமாக உட்கார மாட்டார்கள். ஆண்ட்ரூஸ் அப்படி இல்லை. அதே கல்லூரியில் ஆசிரியராக இருந்த சுசீல் குமார் ருத்ரா என்ற வங்காளியோடு நெருங்கிப் பழகினார். தினமும் அவர் வீட்டில் உட்கார்ந்து இந்திய மக்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கல்லூரிக்குப் புதிய முதல்வரை நியமிக்க வேண்டி வந்தது. ஓர் ஆங்கிலேயரைத்தான் நியமிக்க வேண்டும் என்று பலர் சொன்னார்கள். அனுபவத்தில் மூத்தவர் ருத்ராதான், அவரே முதல்வர் ஆக வேண்டும் என்று ஆண்ட்ரூஸ் பிடிவாதமாக நின்றார். 1906-ல் ருத்ரா முதல்வர் ஆனார். அந்தக் கல்லூரிக்கு முதல்வரான முதல் இந்தியர் அவர்தான். அவருக்குக் கீழே ஆண்ட்ரூஸ் சந்தோஷமாக வேலை செய்தார்.

1912-ல் லண்டன் போயிருந்தபோது மகாகவி தாகூரை ஆண்ட்ரூஸ் சந்தித்தார். தாகூரின் கீதாஞ்சலிப் பாடல்களை ஆங்கிலத்தில் படிக்கக் கேட்டு மெய்மறந்தார். பிற்காலத்தில் தாகூரின் சாந்திநிகேதனமே ஆண்ட்ரூசுக்கு வீடாயிற்று.

மூன்று பவுன் தலைவரி

இந்தச் சமயத்தில் தென் ஆப்பிரிக்காவில் ஒரு போராட்டம் நடந்துகொண்டிருந்தது.

தென் ஆப்பிரிக்காவில் நேட்டால் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே வெள்ளைக்காரர்கள் பெரிய பெரிய கரும்புத் தோட்டங்களைப் போட்டார்கள். வேலைக்கு ஆள் இல்லை. அதனால் இந்தியாவில் இருந்து ஆள் எடுத்தார்கள். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி சென்னையில் இருந்து போன முதல் கப்பல் டர்பன் துறைமுகத்தில் நின்றது. அதன் பிறகு 50 வருடங்களில் ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள்.

ஒப்பந்தம் ஐந்து வருடம். ஆண்களுக்கு ஆரம்பக் கூலி மாதம் பத்து ஷில்லிங். அந்தக் காலக் கணக்கில் ஏழரை ரூபாய்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு சிலர் அங்கேயே தங்கினார்கள். காய்கறி பயிரிட்டார்கள். சிறு கடை வைத்தார்கள். இது வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. வேலை செய்யும்வரை இந்தியன் வேண்டும், வேலை முடிந்ததும் அவன் போய்விட வேண்டும் என்று நினைத்தார்கள்.

அதற்காக ஒரு வரி போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும்; அல்லது மறுபடியும் ஒப்பந்தக் கூலி ஆக வேண்டும்; இரண்டும் இல்லை என்றால் ஆளுக்கு வருடம் மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். மூன்று பவுன் என்றால் 45 ரூபாய். ஓர் ஆளின் ஆறு மாதக் கூலி! புருஷனும் கட்ட வேண்டும், மனைவியும் கட்ட வேண்டும். வயது வந்த பிள்ளைகளுக்கும் தனித்தனியே வரி உண்டு.

இந்த வரியை ஒழிக்க 1913-ல் காந்திஜி போராட்டம் நடத்தினார். நேட்டாலில் நியூகாசில் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. ஆண்ட்ரூஸ் பிறந்த ஊரின் பெயரேதான் அந்த ஊருக்கும். அங்கே வேலை செய்த இந்தியர்கள் வேலையை நிறுத்தினார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தார்கள். தமிழ்ப் பெண்களும் சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோய் கண்டு, விடுதலையான சில நாட்களில் 1914 பிப்ரவரி 22-ந் தேதி இறந்தது இந்தப் போராட்டத்தில்தான்.

காலில் விழுந்தார்

போராட்டத்துக்காக இந்தியாவில் கோகலே நிதி திரட்டினார். ஆண்ட்ரூஸ் தாம் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் கொடுத்துவிட்டார். பணம் மட்டும் போதாது, நீங்களே நேரில் போக வேண்டும் என்று கோகலே கேட்டுக்கொண்டார். ஆண்ட்ரூஸ் உடனே புறப்பட்டார். பியர்சன் என்ற நண்பரும் கூடச் சென்றார்.

1914 ஜனவரி 2-ந் தேதி அவர்கள் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார்கள். இந்தியர் பலர் வரவேற்க வந்திருந்தார்கள். காந்திஜி எங்கே என்று ஆண்ட்ரூஸ் கேட்டார். தலையை மொட்டையடித்து, ஒப்பந்தக் கூலியைப்போல் முரட்டு வேட்டி கட்டி நின்ற ஒருவரைக் காட்டினார்கள். சட்டென்று ஆண்ட்ரூஸ் குனிந்து அவருடைய காலைத் தொட்டு வணங்கினார்.

ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் ஓர் இந்தியரின் காலைத் தொடுவதா? டர்பன் நகர வெள்ளைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஆண்ட்ரூஸ் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அங்கே இருந்தபோது அவருக்கு ஒரு துயரச் செய்தி வந்தது. இங்கிலாந்தில் இருந்த தாயார் இறந்துவிட்டார். கடல் கடந்த நாட்டில் இருந்த அவருக்கு, போராட்டத்தில் இருந்த இந்தியப் பெண்கள்தான் ஆறுதல் சொன்னார்கள்.

துயரத்தை அடக்கிக்கொண்டு ஆண்ட்ரூஸ் வேலை செய்தார். காந்திஜிக்கும் மந்திரி ஸ்மட்சுக்கும் நடுவே தூது போனார். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளும்படி உடன்பாட்டின் வாசகங்களைத் திருத்த உதவினார். அந்த ஆண்டிலேயே புதிய சட்டம் வந்தது. மூன்று பவுன் தலைவரி ஒழிந்தது. இந்தியர் முறைப்படி நடந்த திருமணங்கள் செல்லும் என்றும் ஆயிற்று.

அன்று முதல் காந்திஜியும் ஆண்ட்ரூசும் உயிர் நண்பர்கள். காந்திஜியை மோகன் என்று பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை மிகச் சிலருக்கே இருந்தது. அவர்களில் ஆண்ட்ரூஸ் ஒருவர். காந்திஜி அவரை சார்லி என்று கூப்பிடுவார்.

கண்ணில் தோன்றிய காட்சி

நேட்டாலில் ஒரு நாள், தோட்டத்தில் இருந்து தப்பி வந்த தொழிலாளி ஒருவரை ஆண்ட்ரூஸ் பார்த்தார். அடிபட்டுப் பயந்து நடுங்கிய அந்த முகம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

1915-ல் ஆண்ட்ரூசைக் காலரா தாக்கியது. பிழைப்பது அரிது என்ற நிலை வந்து, மெல்லத் தேறினார். உடம்பு தேறுவதற்காகச் சிம்லா மலையில் தங்கியிருந்தார். அப்போது பிஜித் தீவில் இந்தியக் கூலிகள் படும் துன்பத்தைப் பற்றிய செய்திகளைப் படித்தார். அங்கே பலர் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று தெரிந்தது.

தாழ்வாரத்தில் நாற்காலியில் சாய்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது, நேட்டாலில் பார்த்த தொழிலாளியின் முகம் கண்ணெதிரே தோன்றியதாகவும், அந்த முகமே ஏசுநாதரின் முகமாக மாறியதாகவும் அவர் பிற்காலத்தில் எழுதினார். பிஜிக்குப் போவது என்று அவர் முடிவு செய்தார். உடம்பில் முழு பலம் வராத நிலையிலேயே கப்பல் ஏறினார். இந்தத் தடவையும் பியர்சன் கூடச் சென்றார். ஆஸ்திரேலியா வழியாகப் போய், 1915-ஆம் ஆண்டு இறுதியில் இருவரும் பிஜியை அடைந்தார்கள்.

கிர்மிட்டு

பிஜி என்பது பசிபிக் கடலில் உள்ள தீவுக் கூட்டம். அங்கும் கரும்புத் தோட்டங்கள்தான். பெரிய தோட்டங்களும் ஆலைகளும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு சர்க்கரைக் கம்பெனியின் கையில் இருந்தன. இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் 1879 மே 14-ந் தேதி அங்கே போனது. 1916 வரை சுமார் 60 ஆயிரம் பேர் போனார்கள். முதலில் கல்கத்தாவில் இருந்து மட்டும் ஆள் எடுத்தார்கள். 1903 முதல் சென்னையில் இருந்தும் எடுத்தார்கள். சென்னையில் கப்பல் ஏறியவர்கள் சுமார் 15 ஆயிரம் பேர்.

ஒப்பந்தத்துக்கு ஆங்கிலத்தில் அக்ரிமெண்டு என்று பெயர். படிக்காத கூலிகளின் வாயில் அது கிர்மிட்டு ஆயிற்று. கிர்மிட்டில் போனவர்களுக்குக் கிர்மிட்டியர் என்று பெயர்.

அந்தக் கிர்மிட்டு எப்படிப்பட்டது?

ஐந்து வருடம் ஒரே முதலாளியிடம் வேலை செய்ய வேண்டும். அந்த முதலாளி யார் என்பது கப்பல் பிஜிக்குப் போன பிறகுதான் தெரியும். ஒரு நாள் வேலையை முழுவதும் முடித்தால் ஆணுக்கு ஒரு ஷில்லிங், அதாவது 12 அணா. பெண்ணுக்கு 9 அணா. ஐந்து வருடம் முடிந்த பிறகு சொந்தச் செலவில் ஊர் திரும்பலாம். சர்க்கார் செலவில் திரும்ப வேண்டும் என்றால் பத்து வருடம் அங்கே இருக்க வேண்டும்.

இந்தியாவில் கூலி நாலணாகூடக் கிடைக்காத காலம் அது. 12 அணா என்றதும் ஏழைகள் மயங்கினார்கள். ஆனால் பிஜியில் அரிசியும் பருப்பும் விலை அதிகம். குறித்த வேலையை முடித்தால்தான் முழுக் கூலி. பலரால் அதை முடிக்க முடியவில்லை.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. வேலைக்குப் போகாமல் நின்றால் கோர்ட்டு. குறித்த வேலையை முடிக்காவிட்டாலும் கோர்ட்டு. அனுமதி இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனாலும் கோர்ட்டு. அபராதம் போடுவார்கள், அல்லது ஜெயிலில் அடைப்பார்கள். ஜெயிலில் கழிந்த நாட்களை ஒப்பந்தக் காலத்தோடு சேர்த்துவிடுவார்கள். வேலையை விடுவது குற்றம் என்று சட்டமே சொன்னது.

தோட்டங்களில் கண்டது

ஆண்ட்ரூசும் பியர்சனும் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். முதலாளிகள் சொன்னதையும் கேட்டார்கள். கூலி லயன்களுக்குள் போய் மக்கள் சொன்னதையும் கேட்டார்கள்.

வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிஜி எங்கே இருக்கிறது என்றே பலருக்குச் சொல்லப்படவில்லை. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஊர் என்று நம்பி வந்தவர்கள் இருந்தார்கள். ஆள் பிடிக்கும் தரகர்கள் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு, சந்தையிலும் கோயில் வாசலிலும் ரெயில் நிலையத்திலும் ஏழைகளைப் பேசி மயக்கினார்கள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள், வழி தவறியவர்கள், துணை இல்லாத பெண்கள் அவர்கள் வலையில் விழுந்தார்கள். கைநாட்டு வைத்த காகிதத்தில், வேலைக்குப் போகாவிட்டால் ஜெயில் என்ற விஷயம் எழுதப்படவே இல்லை.

கூலி லயன் அறை பத்து அடி நீளம், ஏழு அடி அகலம். அதற்குள்ளே அடுப்பு, படுக்கை, சாமான் எல்லாம். மூன்று ஆண்கள் ஓர் அறையில் இருந்தார்கள். அல்லது புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளைகளும் ஓர் அறையில் இருந்தார்கள்.

நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆள் எடுத்தார்கள். இதனால் குடும்ப வாழ்க்கை சீர்கெட்டது. பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு இல்லை. சண்டை, கொலை, தற்கொலை எல்லாம் இதில் இருந்து பிறந்தன. இந்தியாவில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகமானோர் அங்கே தற்கொலை செய்துகொண்டார்கள். பிஜித் தோட்டங்களில் பெண்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாரதியார் பாட்டே எழுதியிருக்கிறார்.

நல்லதை மறைக்கும் வழக்கம் ஆண்ட்ரூசுக்கு இல்லை. ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு பயிரிட்டு நன்றாக வாழ்வதையும் பார்த்தார். அதையும் எழுதினார். அதே மண், அதே கரும்பு, அதே மனிதர். ஒப்பந்தக் கூலியாக இருந்தபோது தூக்குக் கயிற்றைத் தேடியவர்கள், சுதந்திர மனிதர் ஆனதும் பிள்ளை குட்டிகளோடு தழைத்தார்கள். ஆகவே கெடுதல் வேலையில் இல்லை, ஆளை வேலையோடு கட்டிப்போடும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது என்று ஆண்ட்ரூஸ் கண்டார். அந்த முறையைத் திருத்திப் பயன் இல்லை, ஒழிக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தார்.

வைசிராய் ஒப்புக்கொண்டார்

1916-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆண்ட்ரூசும் பியர்சனும் தங்கள் அறிக்கையை வெளியிட்டார்கள். நாடு முழுவதும் கொதித்தது. அந்த ஆண்டு மார்ச் 20-ந் தேதி, ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்க வேண்டும் என்று மாளவியா டெல்லி சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். வைசிராய் ஹார்டிஞ்ச் பிரபு அதை ஒப்புக்கொண்டார்.

எல்லோரும் வெற்றி என்று நினைத்தார்கள். ஆனால் அதில் ஒரு சூழ்ச்சி இருந்தது. தோட்டக்காரர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளும் வரை, இன்னும் ஐந்து வருடம்கூட ஆள் எடுக்கலாம் என்று அதிகாரிகளுக்குள் பேச்சு நடந்திருந்தது. இதைத் தெரிந்துகொண்டதும் ஆண்ட்ரூஸ் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பத்திரிகைகளில் எழுதினார். காந்திஜியும் களத்தில் இறங்கினார். 1917 மே 31-ந் தேதிக்குள் ஆள் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று கெடு வைத்தார். சரோஜினி தேவி முதலிய பெண்மணிகள் தூதுக்குழுவாகப் போய்ப் புதிய வைசிராயைக் கண்டார்கள். பெண்களின் மானத்துக்காகப் பெண்களே அரசாங்கத்தின் வாசலுக்குப் போனது நாட்டுக்குப் புதுமையாக இருந்தது.

கெடு வரும் முன்பே, 1917 மார்ச் மாதம் சர்க்கார் பணிந்தது. கூலிகளுக்கு ஆள் எடுப்பது நின்றது.

மறுபடியும் பிஜி

புதிதாக ஆள் போவது நின்றுவிட்டது. ஆனால் ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்டவர்கள்? அவர்களை ஆண்ட்ரூஸ் மறக்கவில்லை. 1917-ல் மறுபடியும் பிஜிக்குப் போனார். பல மாதம் அங்கே தங்கினார். திரும்பும் வழியில் ஆஸ்திரேலியாவில் இறங்கி, பிஜியில் பெண்கள் படும் துன்பத்தை அங்குள்ள மாதர் சங்கங்களுக்கு எடுத்துச் சொன்னார். அந்தச் சங்கத்தினர் தங்கள் செலவில் ஒரு பெண்மணியைப் பிஜிக்கு அனுப்பி விசாரித்தார்கள். ஆண்ட்ரூஸ் சொன்னது உண்மை என்று அந்தப் பெண்மணியும் சொன்னார்.

கடைசியில் 1920 ஜனவரியில் பிஜியில் மிச்சம் இருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் ரத்து ஆயின. காலம் முடியாத கூலிகளும் விடுதலை பெற்றார்கள். மொரீஷியசில் 1834-ல் தொடங்கிய ஒரு முறை, பிஜியில் இப்படி முடிந்தது.

1922-ல் இந்திய சர்க்கார் குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. சர்க்கார் ஒப்புக்கொண்ட நாட்டுக்குத் தவிர வேறு எங்கும் கூலி ஆட்களைச் சேர்த்து அனுப்பக்கூடாது என்று அதில் விதி ஏற்பட்டது.

சாந்த்பூர் ரெயில் நிலையம்

வெளிநாட்டில் மட்டும் அல்ல, உள்நாட்டிலும் கூலிகளின் நிலை மோசமாகத்தான் இருந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்குத் தொலை தூரத்தில் இருந்து ஆள் சேர்த்துக்கொண்டு போனார்கள். 1921-ல் கூலி போதாமல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தோட்டத்தை விட்டுக் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டார்கள். சாந்த்பூர் ரெயில் நிலையத்தில் அவர்கள் தங்கியிருந்தார்கள். இரவு நேரத்தில் சிப்பாய்கள் அவர்களை அடித்து விரட்டினார்கள்.

செய்தி கேட்டு ஆண்ட்ரூஸ் ஓடி வந்தார். அங்கே காலரா பரவியது. ஆறு வருடம் முன்பு தாமே காலராவில் சாகக் கிடந்தவர், நோயாளிகளின் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார். அவர்கள் ஊர் போய்ச் சேர வழி தேடினார்.

தமக்கு என்று ஆண்ட்ரூஸ் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர் வேட்டி கட்டுவார். போர்வையை, சட்டையை யாராவது குளிரில் நடுங்குகிறவருக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்பார். பணத்தை எங்கே வைத்தோம் என்பதையும் மறந்துவிடுவார். அதனால் சிநேகிதர்கள்தான் அவருக்குத் துணி வாங்கிக் கொடுப்பார்கள்.

இந்தியக் கூலிகள் இருந்த இடம் எல்லாம் அவர் போனார். கிழக்கு ஆப்பிரிக்கா போனார். இலங்கை போனார். 1924-ல் மலேயா போனார். 1929-ல் தென் அமெரிக்காவில் உள்ள பிரிட்டிஷ் கயானா போனார். தென் ஆப்பிரிக்காவுக்குப் பல தடவை போனார். திருவிதாங்கூரில் வைக்கம் போராட்டம் நடந்தபோது, 1925-ல் அங்கும் போனார்.

பிஜிக்குக் கடைசியாக 1936-ல் போனார். அவர் முதலில் பார்த்த கூலிகளின் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி இருந்தார்கள். அங்குள்ள தமிழர்கள், தெலுங்கர்கள், மலையாளிகள் 1926-ல் சன்மார்க்க ஐக்கிய சங்கம் என்று ஒரு சங்கம் வைத்துப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். முதல் கப்பல் வந்த மே 14-ந் தேதியைப் பிஜி அரசாங்கம் 2023-ல் பொது விடுமுறை நாள் ஆக்கியது.

சட்டம் வந்தது; முன்பணம் போகவில்லை

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு கூலிகளைக் காப்பாற்றச் சட்டங்கள் வந்தன. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. முன்பணம் கொடுத்து ஆளை அடிமைப்படுத்துவது குற்றம் என்றும், அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியது இல்லை என்றும் அது சொன்னது. 1979-ல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. ஆள் சேர்க்கும் காண்டிராக்டர் லைசென்சு வாங்க வேண்டும், கூலியும் வேலையும் எழுதிய பாஸ் புத்தகம் கொடுக்க வேண்டும், ஊர் வந்து போகும் செலவைக் கொடுக்க வேண்டும் என்று அது விதித்தது. பிஜியில் கைநாட்டு வைத்த காகிதத்தில் மறைக்கப்பட்ட விஷயங்களை எழுதிக் கொடுக்கச் சொன்னவை இந்த விதிகள்.

இருந்தும் 2011-ல் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளை ஒன்றில் இருந்து ஒடிசாத் தொழிலாளர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை அதிகாரிகள் மீட்க வேண்டியிருந்தது. நேட்டாலில் தமிழரைக் கட்டிய கயிறு மூன்று பவுன் வரி. பிஜியில் தமிழரைக் கட்டிய கயிறு கிர்மிட்டு. சூளையில் ஒடிசாக்காரரைக் கட்டிய கயிறு முன்பணம்.

வெளியூர் ஆளை வேலைக்கு வைப்பது பாவம் அல்ல. சில மாத வேலைக்குத் தொலை தூரம் போவதும் அவமானம் அல்ல. போகும் முன்பு அவர்களிடம் உண்மையைச் சொன்னார்களா? சொன்ன கூலியைக் கொடுக்கிறார்களா? வேண்டாம் என்றால் ஊர் திரும்ப அவர்களால் முடியுமா? குடும்பமும் மானமும் காக்கப்படுகின்றனவா? ஆண்ட்ரூஸ் பிஜியில் விசாரித்தவை இவைதான். வேலைக்கு ஆள் வைத்திருக்கிற எல்லோரும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியவையும் இவைதான்.

கடைசி நாட்கள்

1940-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆண்ட்ரூஸ் நோயில் விழுந்தார். கல்கத்தாவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காந்திஜி நேரில் வந்து பார்த்தார். ஆபரேஷன் செய்தும் பயன் இல்லை. ஏப்ரல் 5-ந் தேதி ஆண்ட்ரூசின் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 69.

உடலைக் கல்கத்தாவில் லோயர் சர்க்குலர் ரோட்டில் உள்ள கிறிஸ்தவ இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். அவர் பிறந்த நூறாவது ஆண்டில், 1971-ல், இந்திய சர்க்கார் அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது.

ஆண்ட்ரூஸ் சொத்து எதுவும் விட்டுப் போகவில்லை. இன்று பிஜியிலும் தென் ஆப்பிரிக்காவிலும் தமிழ்க் குடும்பங்கள் சொந்த வீடு கட்டி, கோயில் கட்டி, திருவிழா நடத்தி வாழ்கின்றன. அந்த வீடுகளில் உள்ளவர்களின் பாட்டனும் பாட்டியும் ஒரு காலத்தில் பேர் இல்லாமல் நம்பர் போட்டு அழைக்கப்பட்ட கூலிகள். அவர்களோடு லயன் அறையில் உட்கார்ந்து, அவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர் தீனபந்து ஆண்ட்ரூஸ்.